வீதியும் குழந்தையும்: ஒல்லாந்து நாட்டுத் துவிச்சக்கர வண்டிப் பாதையின் வரலாறு

வீதி யாருக்கு உரியது என்னும் வினா மிகப் பழையது. புதிய வாகனம் ஒன்று வந்து சேருந்தோறும் அவ்வினா மீண்டும் எழுகின்றது. கால்நடையாகச் சென்றவன் குதிரைக்கு வழி விட்டான். குதிரை வண்டிக்கு வழி விட்டது. வண்டி மோட்டார் வாகனத்துக்கு ஒதுங்கிக் கொடுத்தது. இவ்வாறு வழிவிடும் வரிசையில் எப்பொழுதும் இறுதியில் நிற்பவர் குழந்தைகளே. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வரி செலுத்தும் ஆற்றல் இல்லை. தம் வழக்கை எடுத்துரைக்கும் நாவன்மையும் இல்லை. ஆயினும் ஐரோப்பாவின் வடமேற்குக் கரையிலே அமைந்த சிறு நாடொன்றில், 1970களில், குழந்தைகளின் பொருட்டு இவ்வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. அவ்வழக்கிலே குழந்தைகள் பக்கமே வென்றது. இன்று உலகத்தார் வியந்து நோக்கும் ஒல்லாந்து நாட்டுத் துவிச்சக்கர வண்டிப் பாதைகள் அவ்வெற்றியின் சின்னங்களாகும்.

ஒல்லாந்தர் இலங்கையர்க்குப் புதியவரல்லர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிப் பின்னர் அதனை ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டியவர் அவரே. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்னும் பெயரால் 1707இல் எழுத்துருவாக்குவித்தவரும் அவரே. மக்களிடையே வழங்கும் வழக்கத்தை எழுதி ஒழுங்குபடுத்தும் அவ்வியல்பு, அவர்கள் தம் நாட்டு வீதிகளைச் சீர்செய்த முறையிலும் காணப்படுகின்றது. ஆயின் அச்சீர்திருத்தம் தானாக நிகழ்ந்ததன்று. அதன் பின்னே பெற்றோரின் கண்ணீரும் சிறுவரின் குரலும் உள்ளன. அவ்வரலாற்றை அறிதற்குத் துவிச்சக்கர வண்டியின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1817ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பேடன் நாட்டில் வன அதிகாரியாக இருந்த கார்ல் வொன் டிரைஸ் என்பவர், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரண்டு சில்லுகளையுடைய மரப்பொறி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிபடி இல்லை. ஓட்டுபவர் அதன்மேல் அமர்ந்து இரு கால்களாலும் நிலத்தை உந்திச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஆனி மாதத்தில் மான்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டு அவர் அதனை ஓட்டிக் காட்டினார். அக்காலத்து வண்டி வீதிகளோ குண்டும் குழியுமாய், வண்டித் தடங்கள் ஆழப் பதிந்து கிடந்தன. ஆகவே புதிய பொறியை ஓட்டியவர் சமதளமான நடைபாதைகளை நாடினர். பாதசாரிகள் முறையிட்டனர். ஓரிரு ஆண்டுகளுக்குள் மான்ஹைமிலும் ஐரோப்பாவின் வேறு நகரங்களிலும் நடைபாதையில் இப்பொறியை ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. துவிச்சக்கர வண்டியைப் பற்றி எழுந்த முதல் விதியே பாதை பற்றிய விதியாயிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அவ்விதியின் நோக்கமும் நேரியதே. விரைந்து செல்பவனிடமிருந்து மெல்ல நடப்பவனைக் காத்தல் அதன் நோக்கம்.

இங்கிலாந்திலும் இதே நெறி பின்பற்றப்பட்டது. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், நடப்பவர்க்கென ஒதுக்கப்பட்ட பாதையில் வாகனம் ஓட்டுதலைக் குற்றமாக்கியது. துவிச்சக்கர வண்டியும் ஒரு வண்டியே என்று 1879இல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் உறுதி செய்தது. இருட்டிய பின்னர் விளக்கு எரித்தல் வேண்டும். ஒருவரை முந்திச் செல்லுமுன் மணியடித்தோ ஊதியோ எச்சரித்தல் வேண்டும் என்ற விதிகளையும் அச்சட்டம் வகுத்தது. விளக்கும் மணியும் வண்டியின் அணிகலன்கள் அல்ல. பிறருடைய உயிருக்கு மதிப்பளிக்கும் அடையாளங்கள். இதனை உணர்ந்தோர் வகுத்த விதிகள் அவை.

அதே காலத்தில் வண்டியின் உருவமும் மாறியது. முன்சில்லு ஆளுயரத்துக்கு எழுந்து நின்ற பழைய வண்டியில் ஏறுதற்கு வீரமும் விழுதற்குத் துணிவும் வேண்டியிருந்தன. 1885இல் கொவென்ட்ரி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி, இரு சில்லுகளும் ஏறக்குறைய ஒத்த அளவினவாகவும், பின்சில்லு சங்கிலியால் இயங்குவதாகவும் அமைந்த ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். அதற்குப் ‘பாதுகாப்பான வண்டி’ என்றே பெயர் வழங்கியது. மூன்றாண்டுகளின் பின், பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கல் பாவிய வீதியிற் குலுங்காமல் ஓடவேண்டும் என்று கருதிக் காற்றடைத்த றப்பர் ரயரை அமைத்தார். உலகெங்கும் இன்று உருளும் ரயர்களின் தொடக்கம் ஒரு தந்தை தன் பிள்ளையின்மீது கொண்ட பரிவிலே உள்ளது.

இவ்விடத்திலே இலங்கைக்கும் இவ்வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிறேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த றப்பர்க் கன்றுகளிற் பெரும்பகுதி, 1876ஆம் ஆண்டில் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கன்றுகள் வந்தபொழுது அவற்றின் பயனை முற்ற உணர்ந்தவர் சிலரே. துவிச்சக்கர வண்டிக்கும் அதன் பின் வந்த மோட்டார் வாகனத்துக்கும் ரயர் தேவைப்பட்ட பின்னரே றப்பரின் விலை உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் றப்பர்த் தோட்டங்களும் பெருகின. ஐரோப்பிய நகரத்துப் பிள்ளையின் வண்டியும் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் பால்வெட்டுக் கத்தியும் இவ்வாறு ஒரே கயிற்றிற் பிணைந்தன.

இனி ஒல்லாந்துக்கு வருவோம். மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம். ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்த நகரங்கள். குறுகிய தெருக்களும் கால்வாய்களும் நிறைந்த ஊர்கள். துவிச்சக்கர வண்டிக்கு இதனினும் ஏற்ற நாட்டைக் காண்பது அரிது. 1883இல் உத்ரெக்ட் நகரில் வண்டியோட்டிகளின் தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. 1885இல் அந்நகரத்து மாலிபான் என்னும் மரநிழற் சாலையில், வண்டியோட்டிகளுக்கெனத் தனிப்பாதை ஒன்று ஒதுக்கப்பட்டது. அந்நாட்டின் முதற் பாதை என்று அது போற்றப்படுகின்றது. ஆயின் அது வேலைக்குச் செல்பவர்க்கோ பாடசாலைப் பிள்ளைகளுக்கோ அமைந்ததன்று. செல்வர் வீட்டு இளைஞர் பந்தயம் ஓடிப் பழகுவதற்கு அமைந்தது.

பின்னர் வண்டியின் விலை குறைந்தது. தொழிலாளி, ஆசிரியர், எழுதுவினைஞர், இல்லத்தரசி என எல்லோரும் வண்டியில் ஏறினர். 1920களில் ஒல்லாந்து நகர வீதிகளில் மிகுந்து காணப்பட்ட வாகனம் துவிச்சக்கர வண்டியே. 1924இல் அரசாங்கம் அதற்கு வரி விதித்தது. ஆண்டுதோறும் மூன்று கில்டர் செலுத்திச் சிறு உலோகத் தகடொன்றைப் பெற்று வண்டியிற் பொருத்த வேண்டும். 1941 வரை இவ்வரி நிலைத்தது. வீதிகளை அமைப்பதற்கான பணத்தில் ஒரு பங்கு இவ்வெளியோரின் வரியிலிருந்து வந்தது. வீதிகள் அகன்றபொழுதோ, அகன்ற நடுப்பகுதி மோட்டார் வாகனத்துக்கும் ஒதுக்கிய ஓரம் வண்டியோட்டிக்கும் என வகுக்கப்பட்டன.

இங்கே பாதையின் பொருள் மாறியதைக் காணலாம். முதலில் நடப்பவனை வண்டியோட்டியிடமிருந்து காப்பதற்காகப் பாதை பிரிக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்தில், மோட்டார் வாகனம் தடையின்றி விரைவதற்காக வண்டியோட்டி ஒதுக்கப்பட்டான். இக்காரணத்தினாலேயே சில நாடுகளில் வண்டியோட்டிகளே தனிப்பாதையை எதிர்த்தனர். 1934இல் லண்டனின் மேற்குப் பெருவீதியருகே அமைந்த இங்கிலாந்தின் முதற் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா திறந்துவைத்தபோது, அந்நாட்டு வண்டியோட்டிகள் சங்கம் அதனை வரவேற்கவில்லை. பாதை தந்தபின் வீதியில் இடமில்லை என்று துரத்திவிடுவார்கள் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை அடிப்படையற்றது என ஒதுக்கிவிட முடியாது. ஒரு பாதை நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பது, அது யார் பொருட்டு அமைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றி, மக்களின் துவிச்சக்கர வண்டிகளையும் பறித்துச் சென்றன. ரயர் கிடைக்காமையால் மரச்சில்லுகளைக்கொண்டு வண்டி ஓட்டியவர் பலர். போருக்குப் பின் நாடு செல்வத்தில் உயர்ந்தது. மோட்டார் கார் வாங்கும் வசதி நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியது. நகரத்தைக் காருக்கு ஏற்ப மாற்றி அமைப்பதே முன்னேற்றம் என்று திட்டமிடுவோர் நம்பினர். 1954இல் அம்ஸ்டர்டாம் நகரப் பொலிஸ் தலைவர், புகழ்பெற்ற கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்து வீதிகளாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். 1967இல் அமெரிக்கரான டேவிட் ஜொக்கினன், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த டி பைப் என்னும் பகுதியை இடித்து, ஒரு கால்வாயைத் தூர்த்து, ஆறு வழி மோட்டார்ப் பெருவீதி அமைக்கும் திட்டத்தை வரைந்தார். இவ்விரு திட்டங்களும் நிறைவேறவில்லை. ஆயினும் அவற்றின் மனப்பான்மை நாடெங்கும் நிலவியது. சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. பழைய பாதைகள் வீதியோடு கலந்தன.

இம்மனப்பான்மையை முதலில் எள்ளி நகையாடியவர் இளைஞர். 1965இல் ‘புரோவோ’ என்னும் இளைஞர் குழுவினர், வெள்ளை வர்ணம் பூசிய துவிச்சக்கர வண்டிகளை நகரெங்கும் விட்டுவைத்து, வேண்டியவர் எடுத்துச் செல்லட்டும் என்றனர். பூட்டாத வண்டியை வீதியில் விடுதல் சட்டத்துக்கு மாறானது என்று கூறிப் பொலிசார் அவ்வண்டிகளைக் கைப்பற்றினர். நகைப்புக்கிடமான இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்தியது. கணக்கற்ற கார்கள் வீதியை அடைத்து நிற்றல் ஒழுங்கெனப்பட்டது. சில வெள்ளை வண்டிகள் நிற்றல் ஒழுங்கீனம் எனப்பட்டது.

நகைப்பு நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் வீதிகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பாடசாலைக்கு நடந்து சென்ற பிள்ளை, வண்டியோட்டிச் சென்ற பிள்ளை, வீட்டு வாயிலில் பந்து விளையாடிய பிள்ளை என இவர்கள் மாண்டனர். ஒரு பாடசாலையில் நாலைந்து வகுப்பறைகள் முழுதும் வெறுமையாகிவிட்டால் நாடு என்னவாகும்? பத்துக்கு மேற்பட்ட வகுப்பறைகள் ஒவ்வோர் ஆண்டும் வெறுமையாயின. அவை நாடெங்கும் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடந்தமையால் எவர் கண்ணிலும் படவில்லை.

அதனைக் கண்ணிற் படச் செய்தவர் ஒரு தந்தை. பத்திரிகையாளரான விக் லாங்கன்ஹொஃப் என்பாரின் சிறு மகள் வீதி விபத்தில் இறந்தாள். 1972இல் அவர் ‘டி டைட்’ என்னும் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்பது அதன் தலைப்பு. ‘விபத்து’ என்று எல்லோரும் கூறியதை அவர் ‘கொலை’ என்றார். விபத்து என்னும் சொல் விதியின்மேற் பழியைப் போடுகின்றது. கொலை என்னும் சொல் பொறுப்பாளி யார் எனக் கேட்கின்றது. அக்கேள்வி நாடெங்கும் ஒலித்தது. அத்தலைப்பையே பெயராகக் கொண்டு பெற்றோர் இயக்கம் ஒன்று தோன்றியது. பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகிய மார்ட்டியே வன் புட்டன் என்னும் இளந்தாய் அதன் முதல் தலைவியானார்.

அதே 1972இல் டி பைப் பகுதிச் சிறுவர் சிறுமியர் தம் தெருவைக் காருக்கு அடைத்து விளையாடுவதற்கு விடுமாறு கோரிக் கிளர்ந்தனர். அவர்கள் தெருவை மறித்து நின்ற காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. இடித்துத் தள்ளுக என ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு திட்டம் கூறிய அதே பகுதியின் பிள்ளைகள் அவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பெற்றோர் இயக்கத்தினர் விபத்து மிகுந்த சந்திகளில் அமர்ந்து வீதியை மறித்தனர். தெருக்களை அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர். துவிச்சக்கர வண்டிகளிற் பிரதமர் ஜூப் டென் ஒய்ல் இல்லத்துக்குச் சென்று பாடிக் கோரிக்கை விடுத்தனர். பிரதமர் வெளியே வந்து அவர்கள் கூறியதைச் செவிமடுத்தார்.

காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. 1973இல் மத்திய கிழக்குப் போரையொட்டி அரபு நாடுகள் ஒல்லாந்துக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி தொடங்கி, 1974 ஜனவரித் தொடக்கம் வரை ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. பெருவீதிகளிற் குழந்தைகள் சில்லுச் சப்பாத்து அணிந்து சறுக்கினர். குடும்பங்கள் வண்டியோட்டிச் சென்றன. கார் இல்லாத வீதி எவ்வாறிருக்கும் என்பதை ஒரு தலைமுறை தன் கண்ணாற் கண்டது. கண்டபின் மறப்பது எளிதன்று.

1975இல் வண்டியோட்டிகள் தமக்கென ஒரு புதிய சங்கத்தை அமைத்து, அபாயமான இடங்களை வரைபடத்திற் குறித்து நகரசபைகளிடம் அளித்தனர். டில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களில் அரசாங்க உதவியுடன் மாதிரிப் பாதைகள் அமைந்தன. ஒற்றைப் பாதையால் முழுப்பயன் இல்லை, வீட்டிலிருந்து பாடசாலை வரையும் கடைத்தெரு வரையும் அறுபடாத வலையாகப் பாதைகள் பின்னப்படவேண்டும் என்பதை டெல்ஃப்ட் நகரம் பின்னர் காட்டியது. குடியிருப்புத் தெருக்களில் வாகனம் நடைவேகத்திலே செல்லவேண்டும் என்னும் ‘வூனெர்ஃப்’ முறைக்கு 1976இற் சட்ட வடிவம் கிடைத்தது. 1983 முதல் மணிக்கு 30 கிலோமீற்றர் வேக எல்லையுடைய பகுதிகளை வகுக்க நகரசபைகளுக்கு வழி திறந்தது. இவ்வாறு பாதையின் பொருள் மூன்றாம் முறை மாறியது. காருக்காக வண்டியோட்டியை ஒதுக்கிய பாதை, பிள்ளைக்காகக் காரை ஒதுக்கும் பாதையாயிற்று.

இன்று அந்நாட்டில் 35,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வண்டிப் பாதைகள் உள்ளன. அவற்றின் அமைப்பும் விதிகளும் ஆராயத்தக்கவை. பாதை பெரும்பாலும் செந்நிறத் தாரினால் ஆனது; வீதிக்கும் அதற்குமிடையே கல்வரம்போ புல்வரம்போ இருக்கும். நீலவட்டத்தில் வெள்ளை வண்டிச் சின்னம் பொறித்த பலகை அதனைக் குறிக்கும். அத்தகைய பாதை உள்ள இடத்தில் வண்டியோட்டி அதிலேயே செல்லவேண்டும். நடைபாதையில் ஓட்டலாகாது. நடைபாதை இல்லாதவிடத்து நடப்பவர் வண்டிப் பாதையைப் பயன்படுத்தலாம். அப்பொழுது வண்டியோட்டியே பொறுமை காட்டவேண்டும். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டுதற்கு அங்கே அனுமதி உண்டு. இதனை வெறும் சலுகை என்று எண்ணலாகாது. தாயொருத்தி தன் பிள்ளையின் பக்கத்தே சென்று வழி காட்டுவதற்கு இவ்விதியே இடமளிக்கின்றது.

விபத்துகள் மிகுவது நேர்வழியில் அன்று; சந்திகளிலேயே. ஆகவே ஒல்லாந்தர் சந்திகளின் அமைப்பிற் பெரிதும் கருத்துச் செலுத்தினர். சந்தியை அணுகும்போது வண்டிப் பாதை வீதியிலிருந்து சற்று விலகி வளைகின்றது. திரும்பும் கார் முதலில் பாதித் திருப்பத்தை முடித்து, நேரே தன்முன் தோன்றும் வண்டியோட்டியைக் கண்டு நிற்கின்றது. தோளுக்குப் பின்னே திரும்பிப் பார்க்கவேண்டிய இடர் சாரதிக்கு இல்லை. வீதியின் குறுக்கே தீட்டிய வெள்ளை முக்கோணங்கள், யாரை நோக்கிக் கூர்முனை காட்டுகின்றனவோ அவர் வழிவிடல் வேண்டும் என்பதை எழுத்தறியாச் சிறுவர்க்கும் உணர்த்துகின்றன. விரைவாகச் செல்லும் மோட்டார் பொருத்திய மொபெட் வண்டிகள் 1999 டிசம்பர் முதல் நகர எல்லைக்குள் வண்டிப் பாதையிலிருந்து வீதிக்கு மாற்றப்பட்டன. அடையாளம் இடப்படாத சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடும் விதி, 2001 மே மாதம் முதல் துவிச்சக்கர வண்டிக்கும் உரியதாயிற்று. அதுவரை மோட்டார் வாகனத்துக்கு வண்டியோட்டி எத்திசையிலிருந்து வந்தாலும் வழிவிட வேண்டியிருந்தது.

சட்டப் பொறுப்பிலும் இதே நோக்கு விளங்குகின்றது. மோட்டார் வாகனமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையும் மோதிக்கொண்டால், பிள்ளை கவனக்குறைவாக நடந்திருப்பினும், முழு நட்டஈடும் மோட்டார் வாகனத்தின் பக்கத்தாரையே சாரும். பிள்ளை பிள்ளையாகவே நடக்கும். அதனை எதிர்பார்த்து ஓட்டுதல் வளர்ந்தவனின் கடமை என்பதே அதன் கருத்து. நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது, கதவுக்கு அப்பாற்பட்ட கையினாலே திறக்கும்படி சாரதிகளுக்குப் பழக்குகின்றனர். அவ்வாறு செய்யும்பொழுது உடல் தானாகவே திரும்பும். பின்னால் வரும் வண்டி கண்ணிற்படும். பொருட்செலவு சிறிதும் இல்லாத காவல் இது.

பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் ஒழுங்கு உண்டு. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, முதுகுக்கும் கைக்கும் காலுக்கும் போதிய தாங்கல் உள்ள பாதுகாப்பான ஆசனத்தில் அமர்தல் வேண்டும். காலுக்கான தாங்கல் மிக முக்கியமானது. தொங்கும் சிறு பாதம் சில்லுக் கம்பிகளிடையே அகப்பட்டால் எலும்பு முறியும். தானே நிமிர்ந்து உட்காரக் கற்ற குழந்தையைக் கைபிடிக்கும் தண்டுக்குப் பின்னே முன்னாசனத்தில் இருத்துவர். சிறிது வளர்ந்ததும் பின்னாசனத்துக்கு மாற்றுவர். இரண்டு மூன்று பிள்ளைகளையுடைய தாய்மார், முன்னே பெட்டி பொருத்திய வண்டியில் அவர்களை ஏற்றிச் செல்கின்றனர். பிள்ளையை ஏற்றிய வண்டி நிறுத்தும்போதே பெரும்பாலும் சரியும். ஆதலால் உறுதியான இரட்டைக்கால் நிறுத்தி வேண்டும். நிறுத்திய வண்டியிற் பிள்ளையைத் தனியே விட்டு அகலலாகாது.

பிள்ளை தானே ஓட்டத் தொடங்கும்போது, பெற்றோர் வாகனம் செல்லும் பக்கத்தில் ஓட்டிப் பிள்ளையை ஓரத்தில் வைத்துக்கொள்கின்றனர். ஒல்லாந்தில் வாகனங்கள் வலப்புறமாகச் செல்வதால் பிள்ளை பெற்றோரின் வலப்பக்கத்தில் வரும். இடப்புறமாகச் செல்லும் இலங்கை போன்ற நாடுகளிற் பிள்ளையை இடப்பக்கத்தில் வைத்தல் வேண்டும். ஒடுங்கிய இடத்தில் ஒருவர்பின் ஒருவராகச் செல்ல நேர்ந்தால், பிள்ளையை முன்னே விட்டுப் பெரியவர் பின்னே வருதல் நன்று. பிள்ளை என்றும் கண்பார்வையில் இருக்கும். பிள்ளை தடுமாறுகையில் அதன் தோளிற் கைவைத்து மெல்ல உந்தும் பெற்றோர் அந்நாட்டு வீதிகளில் நாள்தோறும் காணும் காட்சி. முன்னும் பின்னும் விளக்கு, மணி, நன்கு இயங்கும் தடை, திரும்புமுன் கைகாட்டுதல் ஆகியன பிள்ளைக்கு முதலிற் கற்பிக்கப்படும் பாடங்கள்.

இக்கல்வி வீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆரம்பப் பாடசாலையின் மேல்வகுப்புகளிற் பயிலும் 11, 12 வயதுப் பிள்ளைகள் வீதி ஒழுங்கிலே எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பின்னர் குறித்த வழியில் வண்டியோட்டிச் செயன்முறைப் பரீட்சையிலும் தேறவேண்டும். 1932இல் தோன்றிய வீதிப் பாதுகாப்புச் சங்கம் இப்பணியை நடத்துகின்றது. சில பாடசாலைகளில் பெரிய லொறியொன்றைக் கொண்டுவந்து நிறுத்திப் பிள்ளைகளைச் சாரதியின் ஆசனத்தில் அமர்த்துவர். பக்கத்தில் நிற்கும் தோழரைக் கண்ணாடியிற் காணமுடியாதபோது, லொறியின் பக்கத்தில் ஒட்டி நிற்கலாகாது என்பதைப் பிள்ளை ஒரு நொடியில் அறிந்துகொள்ளும். பலமுறை கூறிய புத்திமதியினும் ஒருமுறை கண்ட காட்சி வலிது.

தலைக்கவசத்தைப் பற்றி நாடுகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. சுவீடன் 2005 முதல் 15 வயதுக்குட்பட்டோர் அதனை அணிதல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. ஒல்லாந்தில் சாதாரண வண்டிக்கு அது கட்டாயமன்று. வீதியையே பாதுகாப்பாக்குதல் முதற்கடமை என்பது அங்கு நிலவும் கருத்து. ஆயின் பாதுகாப்பான பாதை இல்லாத இடத்தில் பிள்ளையின் தலைக்குக் கவசம் அணிவித்தல் விவேகமே; கவசம் உண்டென்று வீதியைச் சீர்செய்யாது விடுவதே தவறு.

இம்முயற்சிகளின் பயன் யாது? 1971இல் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்ட நாட்டில், 2010ஆம் ஆண்டில் வீதியில் மாண்ட குழந்தைகள் 14 பேர். கார்களின் தொகையோ அதற்கிடையிற் பன்மடங்காகியிருந்தது. ஆகவே இக்குறைவு தானாக வந்ததன்று. ஆயினும் வேலை முடிந்துவிட்டது என அந்நாட்டார் கூறுவதில்லை. 2022இல் வீதியில் இறந்த சுமார் 740 பேருள் ஏறக்குறைய 290 பேர் துவிச்சக்கர வண்டியிற் சென்றவர். அவருட் பலர் முதியோர். மின்விசையால் விரையும் வண்டிகள் பழைய பாதைகளில் வேகவேறுபாட்டைப் பெருக்கியுள்ளன. மெல்லச் செல்பவனை விரைந்து செல்பவனிடமிருந்து காப்பது எவ்வாறு என்று, 1817இல் மான்ஹைம் நகரத்தார் கேட்ட அதே கேள்வியை இன்று ஒல்லாந்தரும் கேட்கின்றனர். 2023 டிசம்பரில் அம்ஸ்டர்டாம் நகரம் தன் பெரும்பாலான வீதிகளில் வேக எல்லையை மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைத்தது அக்கேள்விக்கு அளித்த ஒரு விடையாகும்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை தெளிவானது. ஒல்லாந்தின் பாதைகளை இயற்கையோ சமநிலமோ தரவில்லை. 1950களிலும் அந்நிலம் சமமாகவே இருந்தது, அங்கேதான் பிள்ளைகள் மாண்டனர். செல்வம் மாத்திரம் தரவில்லை. செல்வம் பெருகிய காலத்திலேயே மரணமும் பெருகியது. இறந்த பிள்ளைகளை விதியின் கணக்கில் எழுதி மறக்கப் பெற்றோர் மறுத்தனர்; அம்மறுப்பே வழக்காயிற்று, வழக்கு விதியாயிற்று, விதி வீதியிற் கல்லும் தாரும் ஆயிற்று. ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளப்பதற்கு அதன் மாளிகைகளை எண்ண வேண்டியதில்லை. காலையில் பாடசாலை மணி ஒலிக்குமுன் அந்நகரத்து வீதியை நோக்கினாற் போதும். எட்டு வயதுப் பிள்ளையொன்று அச்சமின்றித் தன் வண்டியை ஓட்டிச் செல்லுமானால், அங்கே முதியவரும் செல்லலாம், நோயாளியும் செல்லலாம், எல்லோரும் செல்லலாம். பிள்ளைக்கு ஏற்ற வீதியே எல்லோர்க்கும் ஏற்ற வீதி.